அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!

ஆங்கில வினைச்சொற்களில் நம் வள்ளூர்ப் பக்கம் அதிகமாகப் புழங்குவது எது என்று கேட்டால், 'அட்ஜஸ்ட்' என்றே நாங்கள் சொல்வோம். சைக்கிள் கடையில் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்கிறார்கள். தையற்கடையில் ரவிக்கையின் தோளை அட்ஜஸ்ட் செய்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையை அடுத்த மாதக் கணக்கில் அட்ஜஸ்ட் செய்துவிடுகிறார். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் திருகைத் திருப்புவதற்கும் இதே சொல்தான். ஆளுக்குத் தகுந்தபடி பொருளைச் சரிசெய்கிறோம்.

ஆனால் தமிழில் 'கொள்' என்னும் துணைவினை இதனுடன் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. 'பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணு' என்றால் திருகு திரும்பும். 'நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்றால் நாம் திரும்ப வேண்டும்!

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் மூவர் அமரும் இருக்கைக்கு நான்காவதாக ஓர் அக்கா வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றால் எங்களுக்கு வருத்தமில்லை. இச்சொல்லின் வேர் இலத்தீன். 'அருகே கொண்டுவருதல்' என்பது அதன் பொருள். ரயிலில் நடப்பதும் அதுதானே? அங்கே எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நெருங்கி உட்காருகிறோம்.

வீட்டில் அப்படியா? தம்பி கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றால் அக்காதான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் அந்தக் காலத்துப் பாட்டிகள், "அனுசரிச்சுப் போம்மா" என்பார்கள். அனுசரித்தல் என்பது வடசொல். பின்னால் செல்லுதல் என்று பொருள். இன்று அதே புத்திமதியை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள், கேட்க நாகரிகமாக இருக்கிறது. மாப்பிள்ளையிடம் யாரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

ஊருக்கும் இதே புத்திமதிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து, எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் கறுத்துப் போயிற்று. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "தொழிற்சாலைகள் உள்ள இடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கத்தான் வேணும்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். மூச்சை எப்படி அட்ஜஸ்ட் செய்வது? குழாய்க்கு வால்வு இருக்கிறது, அதற்குத் திருகும் இருக்கிறது. அதையல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

கசிவுக்குப் பிறகு அப்பகுதி மக்கள் பல நாட்கள் உட்கார்ந்து போராடினார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். அனுசரித்துப் போகச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள்தாம் அவர்களும்.