சாயம் எதற்கு?

பலா மரத்தில் செய்வது தஞ்சாவூர் வீணை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளி தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. புதுப் பலா மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். பழசோடு புதுசை ஒட்டினால் நிறம் சேராது.

சங்கரன்கோவிலில் கதவு, நிலை செய்யும் என் அப்பா சொல்வார்: "சாயம் பூசி இன்னைக்கு ஒப்பேத்திரலாம்லே. அடியில மரம் கறுத்துக்கிட்டே போகும். நாளைக்கு ஒட்டு தனியாத் தெரியும். பொறுத்தா தானாச் சேரும்."

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். முதல் வருஷம், அப்பா தொழிலைக் கேட்டவர்களிடம் 'கான்ட்ராக்டர்' என்றேன். அதுவும் சாயம்தானே! புதிதாக வரும் தம்பிகளே, பூசாதீர்கள். நிறம் தானாகச் சேரும். என் அப்பா தச்சர்!