பொருந்தும் என்ற சொல் போதாது

பழைய வாகன உதிரிப்பாகம் வாங்கப் போன எவருக்கும் பழக்கமான வாக்கியம் இது: "பொருந்தும் அண்ணை, பயப்படாமல் கொண்டுபோங்கோ." கதவுப் பிடிக்கோ பக்கக் கண்ணாடிக்கோ இந்த உத்தரவாதம் போதும். வானின் ஸ்ரியறிங் பாகத்துக்குப் போதாது. கதவுப் பிடி பொருந்தாவிட்டால் கதவு திறக்காது, அவ்வளவுதான். ஸ்ரியறிங் பாகம் பொருந்தாவிட்டால், அது பல வேளைகளில் வேகமாக ஓடும்போதுதான் தெரியவரும்.

நான் பழைய பாகங்களுக்கு எதிரானவன் அல்லன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபா சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீளத் திறக்கப்பட்டபோதும், புதிய வான் சாதாரண மனிதனின் கைக்கு எட்டும் பொருளாகவில்லை. ஆகவே பழைய வான்களே இன்றும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே இரவிரவாக ஓடுகின்றன. அவற்றுக்குப் பஞ்சிகாவத்தையில் பாகம் தேடுவது குற்றமல்ல. எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்று கேளாமல் வாங்குவதும் சொல்லாமல் விற்பதுமே குற்றம்.

நமது வீதிகளில் மிகப் பரிச்சயமான ஹயஸ் வானையே எடுத்துக்கொள்வோம். 2004 இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஹயஸ், இரண்டு அகலங்களில் தயாரிக்கப்பட்டது. ஒன்று 1,695 மில்லிமீற்றர். மற்றது 1,880 மில்லிமீற்றர். பெயர் ஒன்று, முகச்சாயலும் ஒன்று; ஆனால் ஸ்ரியறிங் றாக் ஒன்றல்ல. "ஹயஸ் றாக் இருக்கிறதா?" என்று கேட்பவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். "இருக்கிறது" என்பவர் அந்தப் பாதிக்குத்தான் பதில் சொல்கிறார்.

நீளம் போதாத பாகத்தைச் சில கராஜ்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ரை றொட் எண்டை மரையில் வெளியே சுழற்றி நீட்டுகிறார்கள். சில்லு நேராகிவிடும்; வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போய்விடுவார். ஆனால் உள்ளே பிடித்திருக்க வேண்டிய மரைச்சுற்றுகள் குறைந்துவிட்டன. எஞ்சிய சில சுற்றுகளில்தான் முன் சில்லின் கட்டுப்பாடு தொங்குகிறது. விட்டம் ஒன்றாக இருந்து மரையின் இடைவெளி வேறாக இருந்தாலும், பலவந்தமாக இரண்டு மூன்று சுற்றுகள் ஏறத்தான் செய்யும். ஏறும்போதே மரையைத் தின்றுவிடும். பந்து மூட்டின் கூம்புத் தண்டு, துளையின் சரிவுக்கு ஒத்துவராவிட்டால், முழுமையாக அமராமல் ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், நாளடைவில் தளரும். சூடாக்கி வளைப்பதையும் வெல்டிங் வைப்பதையும் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. ஸ்ரியறிங் பாகத்தில் அவற்றைச் செய்பவரிடம் வாகனத்தை ஒப்படைக்கக் கூடாது.

சரிபார்ப்பது பெரிய வித்தையுமல்ல. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரான வான்களில், மாதிரிக் குறியீட்டுடன் தொடங்கும் செசி இலக்கம் உண்டு. அதைக் கொண்டு உற்பத்தியாளரின் பாக இலக்கத்தைக் கண்டறியலாம். டொயோட்டாவில் அது பெரும்பாலும் பத்து இலக்கங்கள் கொண்டது: முதல் ஐந்து, பாகம் எந்த வகை என்பதைச் சொல்லும், பின் ஐந்து, அந்த வகைக்குள் எது என்பதைச் சொல்லும். முன் ஐந்து ஒத்திருப்பதைக் காட்டி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். பாகத்தில் இலக்கம் அழிந்திருந்தால், அது கழற்றப்பட்ட வானின் மாதிரிக் குறியீட்டைக் கேளுங்கள். உங்கள் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அருகருகே வையுங்கள். மொத்த நீளம், பொருத்தும் துளைகளின் தூரம், மரை, பினியன் பற்களின் எண்ணிக்கை, எண்ணெய்க் குழாய் வாய்களின் இடம், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுழலும் சுற்றுகள் ஆகிய அனைத்தும் ஒத்துவர வேண்டும். ஒன்று பிசகினாலும் வாங்காதீர்கள். பொருத்திய பின் சில்லுகளின் அலைன்மன்ற் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

வெளிநாடுகளில் வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவிலும் பிரான்சிலும் ஸ்ரியறிங் இடப்பக்கம், இலங்கையில் வலப்பக்கம். அங்கு மலிவாகக் கிடைத்த றாக்கை அன்போடு அனுப்பிவைத்தால், பினியன் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அந்த அன்பு ஊரில் பழைய இரும்பாகத்தான் முடியும்.

"முப்பது வருட அனுபவம் ஐயா, பார்த்தவுடன் தெரியும்" என்று வியாபாரிகள் வாதிடுவார்கள். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். அவர்களுள் சிலரது கண், அளவுகோலை விடக் கூர்மையானது. அவ்வளவு உறுதி இருந்தால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவதற்கு என்ன தயக்கம்? இன்ன மாதிரி வானிலிருந்து கழற்றியது, இன்ன மாதிரிக்குப் பொருந்தும், பொருந்தாவிடில் திருப்பி எடுக்கப்படும். மூன்று வரிகள். வாயால் சொல்ல முடிந்ததைக் கையால் எழுத முடியாதென்றால், சொன்னது அறிவு அல்ல, சரக்கைத் தள்ளும் சாதுரியம்.

அரசிடமும் ஒரு கேள்வி. வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. நல்லது. ஆனால் புகைக்குழாயில் நுழையும் கருவிக்கு ரை றொட்டின் மரை தெரியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. ஸ்ரியறிங், பிரேக் பாகங்களை விற்கும்போது அவை எந்த மாதிரியிலிருந்து வந்தன என்று பற்றுச்சீட்டில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க, வெளிநாட்டுக் கடனோ நிபுணர் குழுவோ தேவையில்லை.

அதுவரை அந்தப் பொறுப்பு வாங்குபவருடையது. விலையை இருநூறு ரூபா குறைக்க அரை மணித்தியாலம் பேரம் பேசும் நாம், செசி இலக்கத்தை ஒப்பிட ஐந்து நிமிடம் செலவிடத் தயங்குகிறோம். அந்த வானின் பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பேரம் பேச வாய்ப்பில்லை. அவளுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.