பாட்டனைத் தேடி

அயல்நாட்டில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது நம்மைக் காண வந்தார். தம் பூட்டனாரின் திருமுழுக்கு எழுதப்பட்ட பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். இத்தகைய வேண்டுகோள் நமக்குப் புதிதன்று. அவர் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த சிறு அட்டைப்பெட்டிதான் புதிது. கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தெடுக்கும் பஞ்சுக் குச்சிகளும், அவற்றை இட்டு அனுப்பும் குப்பிகளும் அதனுள் இருந்தன.

"சுவாமி, ஏடு நின்றுபோகும் இடத்துக்கு அப்பாலும் இது செல்லும். சித்தப்பாவிடமும் எடுத்து அனுப்பப் போகிறேன்" என்றார்.

அன்பர்கள் அறிந்துகொள்ளும்பொருட்டு இச்சோதனையைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஒய் குரோமோசோம் என்பது ஆண்மக்களிடம் மட்டுமே உள்ளது. தந்தை அதை மகனுக்குத் தருகிறார். அவன் தன் மகனுக்குத் தருகிறான். பிற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் கலந்து மாறிவர, இது மட்டும் ஏறத்தாழ அப்படியே இறங்கி வருகிறது. பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதுபவர் எப்போதோ ஓர் எழுத்தைத் தவறவிடுவதுபோல, அரிதாகச் சிறு மாற்றம் நேர்வதுண்டு. 37 இடங்களிலோ 111 இடங்களிலோ இருவருடையதை ஒப்பிட்டு, மாற்றங்களை எண்ணி, அவ்விருவருக்கும் தந்தைவழியில் பொதுவான முன்னோர் எத்தனை தலைமுறைக்கு முன் வாழ்ந்திருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். அவர் பெயரை அது சொல்லாது. பெண்கள் தம் தந்தைவழியை இதனால் அறிய விரும்பினால், தந்தையோ, உடன்பிறந்தானோ, பெரியப்பா சித்தப்பா மகனோ மாதிரி கொடுக்க வேண்டும். பத்துத் தலைமுறைக்கு முன் நம் ஒவ்வொருவருக்கும் முன்னோர் இடங்கள் 1,024. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே இச்சோதனை பேசும். அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றிக்கூட அதற்கு ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் குடும்பப் பெயரும் தந்தையிடமிருந்து இறங்குவதால், பெயரையும் சோதனையையும் இணைத்துப் பார்க்கின்றனர். நாமோ தந்தையின் பெயரில் ஓரெழுத்தை முன்னே வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறையில் அதையும் மாற்றிவிடுகிறோம். முத்துக்குளித்துறையிலோ 1530-களில் மனந்திரும்பிய பரதவ மக்கள் திருமுழுக்கின்போது போர்ச்சுகீசியப் பெயர்களை ஏற்றனர். ஆகவே அங்கே பர்னாந்து என்று பெயர் கொண்ட இருவர் ஒரே பாட்டன் வழியினர் என்று கொள்வதற்கில்லை. போர்ச்சுகீசியக் குருதியினர் என்று கொள்வதற்கும் இல்லை.

இளைஞருக்கு நாம் ஒரு மன்னரின் கதையைச் சொன்னோம். 1485 ஆகஸ்டு 22-இல் பாஸ்வர்த் போர்க்களத்தில் மாண்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு, லெஸ்டர் நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். 1538-இல் மடம் மூடப்பட்டது. கல்லறை இருந்த இடமும் மறந்துபோயிற்று. 2012-இல் அங்கிருந்த வாகன நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது, பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்புடன் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மன்னருடைய தமக்கையாரின் பெண்வழியில் பதினேழாம் தலைமுறையினரான ஒரு மரவேலைக் கலைஞர் இலண்டனில் வாழ்ந்துவந்தார். தாய்வழிச் சோதனையில் அவருடைய மாதிரி எலும்புடன் பொருந்தியது. மன்னருக்கான பேழையைப் பின்னர்ச் செய்தவரும் அவரே. (பழைய கத்தோலிக்க மன்னர் ஆதலின், 2015 மார்ச்சு 23-இல் கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ் அவருக்காக இறந்தோர் திருப்பலி நிறைவேற்றினார்.)

தந்தைவழிதான் பொருந்தவில்லை. மன்னருக்கு வழித்தோன்றல் எஞ்சவில்லை. ஆகையால் அவருடைய முன்னோரான மூன்றாம் எட்வர்டு வரை மேலே ஏறி, மற்றொரு கிளைவழியே ஐந்தாம் போஃபர்ட் கோமகன் வரை இறங்கி, அக்கோமகனின் ஆண்வழியில் இன்றுள்ள ஐவரைச் சோதித்தனர். ஐவருள் ஒருவரும் மன்னருடன் ஒத்துவரவில்லை. நால்வர் தமக்குள் ஒத்திருந்தனர்; ஐந்தாமவர் அவர்களுடனும் ஒத்துவரவில்லை. 2014 டிசம்பரில் இம்முடிவு வெளியாயிற்று. மன்னருக்கும் அக்கோமகனுக்கும் இடையே தந்தை மகன் என ஏட்டில் எழுதப்பட்ட கண்ணிகள் 19. அவற்றுள் எங்கோ ஒன்றேனும் அறுந்திருக்கிறது. எங்கே என்பதைச் சோதனை சொல்லவில்லை. அறுந்த இடத்தைப் பொறுத்துப் பண்டைய அரசர் சிலரின் உரிமையே ஐயத்துக்குரியதாகும் என்று நாளேடுகள் பரபரப்புடன் எழுதின. நம் மனம் அரசர்களிடம் செல்லவில்லை. அந்த ஐந்தாமவரிடம் சென்றது. அவர் வழியில் முறிவு நிகழ்ந்தது நெடுங்காலத்துக்கு முன்பன்று, அண்மைத் தலைமுறைகளுக்குள். ஆராய்ச்சிக்கு உதவ எண்ணி மாதிரி கொடுத்தவர், எதை எண்ணி உறங்கினாரோ!

இதைக் கேட்டதும் இளைஞர் அட்டைப்பெட்டியைச் சற்றே தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்படியானால் பாவம் என்றுதானே பொருள், சுவாமி?"

இல்லை என்றோம். கொள்ளைநோய்க் காலங்களில் பெற்றோரை இழந்த குழந்தையை உறவினர் தம் மகவாக வளர்த்ததுண்டு. கைக்குழந்தையுடன் விதவையை மணந்தவர், அக்குழந்தைக்குத் தம் பெயரையே தந்ததுண்டு. குச்சியில் ஒட்டிய எச்சிலுக்கு இவ்வேறுபாடு தெரியாது. நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையை மத்தேயு யோசேப்பு வழியாகவே எழுதியிருக்கிறார் என்பதையும் நினைவூட்டினோம்.

பிறகு கேட்டோம்: "சித்தப்பாவிடம் என்ன சொல்லி எச்சில் வாங்குவாய்?"

"ஊர் வரலாறு தெரியும் என்று சொல்லலாம் என்றிருந்தேன்."

அது போதாது என்றோம். உன் முடிவும் அவர் முடிவும் ஒவ்வாமற்போனால், வெளிப்படுவது உன் பாட்டியின் செய்தியாக இருக்கலாம். விடை சொல்ல அந்த அம்மாள் இன்றில்லை. சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. என்னென்ன வரக்கூடும் என்பதை முழுவதும் அவரிடம் சொல். அதன்பின் அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

பதிவேட்டை எடுத்து வந்தோம். கறையான் அரித்த ஓரங்களுக்கு நடுவே அவர் பூட்டனாரின் பெயர் தெளிவாகவே இருந்தது. அதனருகே தந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானத்தந்தையின் பெயர். இளைஞர் அவற்றைத் தம் கைப்பட எழுதிக்கொண்டார். பெட்டியைப் பிரிக்காமலே பையில் வைத்து, சித்தப்பா வீட்டுக்குப் புறப்பட்டார்.