படைக்கு முன் வந்த பாய்மரங்கள்

தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை சாலை அமைந்தபின், 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரைக் காணத் திரளும் யாத்திரிகர்களுக்கு இராமர் அணையைப் பற்றியும் கடல்கொண்ட ரயிலைப் பற்றியும் கதை சொல்வோர் பலருண்டு. ஆயினும், இக்கடலையே ஜீவனோபாயமாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இஸ்லாமியரின் பூர்வ சரித்திரத்தைச் சொல்வார் மிக அரியர். சொல்ல நேர்ந்தாலும், 1311-இல் நிகழ்ந்த மாலிக் காபூரின் படையெடுப்பிலிருந்து தொடங்குவதே நம்மில் பெரும்பாலோருக்குப் பழகிப்போன முறையாக இருக்கிறது.

அம்முறை பிழையானது என்பதற்குச் சாட்சி அருகிலேயே இருக்கிறது. இராமபிரான் தர்ப்பையில் சயனித்துக் கடலரசனிடம் வழி வேண்டினான் என்னும் ஐதிகம் வழங்கும் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னன் வழங்கிய மானியத்தைத் தெரிவிக்கின்றது. அப்பட்டினம் இன்றைய பெரியபட்டினமே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அங்கே அகழ்ந்தபோது கிடைத்த சீனப் பீங்கான் சில்லுகள் அத்துறையின் வர்த்தகப் பெருமையை உணர்த்துகின்றன. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டியனுக்குக் குதிரைகள் கப்பலேறி வந்ததையும், அவ்வர்த்தகக் குடும்பத்தவரான தகியுத்தீன் பாண்டியனின் மந்திரியாகவே விளங்கியதையும் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்திருக்கிறார்.

இவற்றினும் வியப்புக்குரியது வேறொன்று. காபூரின் படை பாண்டிய நாட்டில் புகுந்தபோது, பாண்டியனது சேனையில் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள் என்றும், கலிமா சொல்லத் தெரிந்திருந்தமையால் அவர்கள் உயிர் தப்பினார்கள் என்றும் டில்லி அரசவைக் கவிஞரான அமீர் குஸ்ரு சற்றே ஏளனத்துடன் குறித்திருக்கிறார். படையெடுப்பினால் இஸ்லாம் தமிழகத்துக்கு வந்ததென்று வாதிப்போர், அப்படையை எதிர்த்து நின்ற சேனையில் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ! காபூர் இராமேசுவரத்தில் பள்ளிவாசல் கட்டினான் என்பதோ, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பெரிஷ்டா எழுதியது. சரித்திர ஆசிரியர் பலர் அதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

பிற்காலத்துச் செய்திகள் ஓரளவு பிரசித்தமானவை. 1538-இல் வேதாளைக் கடற்கரையில் போர்ச்சுக்கீசியரோடு மரைக்காயர்கள் பொருது தோற்றதும், கிழவன் சேதுபதியின் நண்பரான கீழக்கரை வள்ளல் சீதக்காதி உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் பிறக்க வழிசெய்ததும், ஏர்வாடி தர்காவுக்குச் சேதுபதிகள் மானியம் அளித்ததும் இவ்வட்டாரத்தார் அறிந்தவையே. அப்துல் கலாமின் தந்தையார் ஜைனுலாப்தீன் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களைத் தோணியில் ஏற்றிச் சென்றதையும், சீதாகல்யாண உற்சவத்தில் சுவாமி விக்கிரகங்களைக் குளத்தின் நடுவே கொண்டுசெல்ல அக்குடும்பத்தார் தோணி அமைத்துத் தந்ததையும் சொல்லி நாம் அடிக்கடி நெகிழ்கிறோம். நெகிழ்வது நன்றே; ஆனால், அதனை ஒரு குடும்பத்தின் அபூர்வ குணமாக மட்டும் கருதி, திருப்புல்லாணிக் கல்வெட்டின் காலந்தொட்டு வந்த ஒழுகலாற்றின் தொடர்ச்சியென உணராதிருப்பது சரித்திரத்துக்குச் செய்யும் அநீதியாகும்.

ஆகவே பாடநூல் எழுதுவோர், 1311-க்கு முற்பட்ட இக்கரையின் வரலாற்றுக்கு ஒரு தனி அத்தியாயமே வகுத்தல் வேண்டும். அதற்கு இடம் போதாதெனில், மாலிக் காபூருக்கு ஒதுக்கிய பக்கங்களில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.