தேனீயைக் கொல்வது யாரு? ஒரு பூச்சிக்கு வக்காலத்து

போன வாரம் எங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. செவ்வந்திப் பூ மேல் சிவப்பும் கறுப்புமாக ஒரு பூச்சி, அதன் பிடியில் ஒரு தேனீ. கீழே வாசகம்: "தேனீக்களை அழிக்கும் கொலைகாரப் பூச்சி. எங்கே பார்த்தாலும் உடனே நசுக்குங்கள், இயற்கையைக் காப்போம்." வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அங்கே பதில் எழுதினால் "ஆரம்பிச்சுட்டான்யா" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

முதலில் குற்றவாளியை அறிமுகப்படுத்தி விடுகிறேன். ஆங்கிலத்தில் அசாசின் பக். நம்ம வேளாண்மைக்காரர்கள் ரெடுவிட் நாவாய்ப்பூச்சி என்பார்கள். நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சிக்கும் வீட்டு மூட்டைப்பூச்சிக்கும் தூரத்துச் சொந்தம். ஆனால் இது செடியை உறிஞ்சுவதில்லை, செடியைத் தின்ன வரும் பூச்சியை உறிஞ்சுகிறது. தலைக்கு அடியில் வளைந்த ஊசி மாதிரி ஒரு அலகு மடங்கி இருக்கும். இரையை முன்னங்கால்களால் பிடித்து, உடம்பில் மென்மையான இடம் பார்த்து ஒரே குத்து. உள்ளே இறங்கும் எச்சில் இரையை முடக்கி, உடம்பின் உள்பாகத்தைக் கரைத்து விடும். பிறகு இளநீர் குடிப்பது போல உறிஞ்ச வேண்டியதுதான். மிஞ்சுவது வெறும் கூடு. இதே குடும்பத்தில் அகாந்தாஸ்பிஸ் என்று ஒரு பேரினம் உண்டு. அதன் குஞ்சுகள் தான் உறிஞ்சிப் போட்ட எறும்புகளின் கூட்டையே முதுகில் மூட்டையாக ஏற்றிக்கொண்டு திரியும். மாறுவேடமாம்! நம்ம சினிமா வில்லன்களுக்குக்கூட இந்த ஐடியா வந்ததில்லை.

தேனீயைத் தின்னுமா? தின்னும். மறைக்க ஒன்றுமில்லை. அந்த அகாந்தாஸ்பிஸ் பேரினத்திலேயே நம் நாட்டுத் தேனீயைப் பிடிப்பதாகப் பதிவான இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு 'சிவா' என்று பெயர் வைத்தவர் டிஸ்டன்ட் என்ற ஆங்கிலேயர். அழிக்கும் கடவுள் என்று நினைத்து வைத்தாரோ என்னவோ. உங்கள் தேன் பெட்டியின் வாசலில் இந்தப் பூச்சி உட்கார்ந்திருந்தால் ஒரு குச்சியால் எடுத்து அப்பால் போடுங்கள். அதில் தகராறு இல்லை.

என் கேள்வி வேறு. பஞ்சுருட்டான் பறவை தெரியுமில்லையா? பச்சை நிறம், கரண்ட் கம்பியில் உட்கார்ந்து, பறந்து போய்த் தேனீயைப் பிடித்து, கம்பியில் அடித்துக் கொடுக்கை நீக்கி விழுங்கும். அதன் ஆங்கிலப் பெயரே தேனீ தின்னி! அதை லென்ஸ் வைத்துப் படமெடுத்து "வாவ்" போடுகிறோம். அதே வேலையை ஆறு கால் ஜந்து ஒன்று செய்தால் கொலைகாரன், நசுக்கு. அழகாக இருந்தால் இயற்கை, அசிங்கமாக இருந்தால் குற்றம். இது என்ன நியாயம்?

கணக்கும் பாருங்கள். ஒரு தேனீக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள். ஒவ்வொன்றுக்கும் சுறுசுறுப்பான பருவத்தில் ஆயுள் சில வாரங்கள்தான். தினமும் வயதாகிச் சாவதே ஏராளம், ராணி முட்டை வைத்து ஈடு கட்டிக்கொண்டே இருக்கும். பூ மேல் காத்துக்கிடந்து அன்றைக்கு ஒன்றோ இரண்டோ பிடிக்கும் பூச்சியால் கூட்டம் அழியாது. நம் தெற்கில் தேனீக்கள் உண்மையிலேயே கூட்டம் கூட்டமாக அழிந்தது 1991-92இல். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் பெட்டி பெட்டியாகக் காலியானது, தேனை நம்பியிருந்த குடும்பங்கள் தொழிலையே விட்டன. அங்கே எந்த நாவாய்ப்பூச்சியும் கைதாகவில்லை.

இப்போது நம்ம பக்கம் வருவோம். மூக்கண்டப்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிப்காட், லாரி, ஷிப்ட் பஸ் மட்டும்தான் தெரியும். ஆனால் கம்பெனிச் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாகலூர், தளி, ராயக்கோட்டை என்று ரோஜா, தக்காளி, கோஸ். இன்னும் தெற்கே கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் மா. நம்ம மாவட்டத்துக்குப் பேரும் சோறும் கொடுப்பது மாம்பழக் கூழ், அதற்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய். மாமரம் பொங்கலை ஒட்டிப் பூக்க ஆரம்பிக்கும். பூவோடு தத்துப்பூச்சியும் வரும். உடனே மருந்துக் கடை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதில் இமிடாகுளோபிரிட் என்ற பெயரை அடிக்கடி பார்க்கலாம்.

இது ஊடுருவிப் பாயும் மருந்து. செடியின் சாறில் கலந்து போகும், பூந்தேனிலும் மகரந்தத்திலும்கூட வரும். தேனீயின் நரம்பைத் தாக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே வழி மறந்து கூட்டுக்குத் திரும்பாது. இந்த மருந்தையும் இதன் பங்காளிகள் இரண்டையும் திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது, காரணம் தேனீ. முழுப் பூப்பில் மருந்து அடிக்காதே என்பது நம்ம ஊர் வேளாண்மையிலும் பாலபாடம்தான். யார் கேட்கிறார்கள்? கடனுக்கு மருந்து கொடுப்பவரே ஆலோசகரும் என்றால் ஆலோசனை எப்படி இருக்கும்? விவசாயியைத் திட்டி நான் எழுதவில்லை. ஒரு வருஷம் பூ கருகினால் அவர் பாடு என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் டேங்க் டேங்காக அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, பூவில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பூச்சியை "தேனீயின் எதிரி" என்று ஃபார்வர்ட் பண்ணும் நம்ம கூட்டத்தைத்தான் சொல்கிறேன்.

அந்த மருந்து முதலில் தீர்த்துக் கட்டுவது யாரை? இந்த மாதிரி இரைவிழுங்கிகளையும்தான். புழு சீக்கிரம் பெருகி மீண்டு விடும். இவை முட்டையிலிருந்து வந்து ஐந்து முறை தோலுரித்துப் பெரிதாக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த டேங்க். இந்தோனேசியாவில் நெல்லுக்கு இப்படி அடித்து அடித்துத்தான் புகையான் தலைதூக்கியது. 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. பயிர் அழிந்து பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள், ஒன்றும் வரவில்லை.

இந்தப் பூச்சிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் டன்ஸ்டன் அம்புரோஸ் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்து 1999இல் ஒரு முழுப் புத்தகம் போட்டிருக்கிறார். நம்ம மாநிலத்துச் சிவப்பு கறுப்பு ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ், புரோட்டீனியா புழு, காய்ப்புழு, பருத்தியின் சிவப்பு நாவாய்ப்பூச்சி எல்லாவற்றையும் வேட்டையாடும். அப்படியானால் ஏன் கடையில் கிடைப்பதில்லை? வளர்ப்பது கஷ்டம். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தின்னும், வளர நாளாகும், இரையைப் புழுவாகவே உயிரோடு போட வேண்டும். பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. விற்க முடியாததற்கு டீலர் இல்லை, போஸ்டர் இல்லை, பஸ் ஸ்டாண்ட் சுவரில் விளம்பரம் இல்லை. அதனால்தான் அதன் பேரைச் சொல்ல ஆளில்லை, நசுக்கச் சொல்ல மட்டும் ஆயிரம் பேர்.

இது நல்லவன் கெட்டவன் பார்த்துக் கொல்வதில்லை, உண்மை. கையில் கிடைத்ததைத் தின்னும். மருந்தும் அப்படித்தான், ஆனால் மருந்துக்கு வயிறு நிறைவதே இல்லை.

கொசுறு: சும்மா விடுங்கள் என்றேனே தவிர, கையில் எடுத்துக் கொஞ்சச் சொல்லவில்லை. விரலால் பிடித்தால் அந்த ஊசி உங்களுக்கும்தான், குளவி கொட்டுக்கு சளைத்ததில்லை. அமெரிக்கக் கண்டத்தில் சாகஸ் நோயைப் பரப்பும் ரத்தம் குடிக்கும் கிளை ஒன்று இந்தக் குடும்பத்தில் இருக்கிறது, அந்தப் படத்தையும் இதனுடன் சேர்த்து அனுப்பிப் பீதி கிளப்புகிறார்கள். நம்ம தோட்டத்துச் செடியில் இருப்பவை பூச்சி தின்னிகள். எருக்கும் உண்ணிச்செடியும் மண்டிய காலி மனையில் பொறுமையாகத் தேடினால் பார்க்கலாம். படம் எடுத்தால் எனக்கு அனுப்புங்கள், ஆனால் "நசுக்குங்கள்" என்ற வரி இல்லாமல்.