காவல் நிலையத்துக் காகிதம் யாருக்குச் சொந்தம்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கணியம்பாடி பேருந்து நிறுத்தத்தருகே நின்று, விபத்தில் ஆள் அடிபட்ட வீட்டுக்காரர் எவரையாவது கேட்டுப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் எப்படிக் கிடைத்தது என்று. “வக்கீல் வெச்சோம்” என்பார் ஒருவர். “ரைட்டருக்குக் கொஞ்சம் குடுத்தோம்” என்பார் இன்னொருவர். “ஸ்டேஷன் காகிதத்த நாம போய் கேக்க முடியுங்களா?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார் மூன்றாமவர்.

இந்த மூன்றாவது பதில்தான் என்னை வாட்டுகிறது. காவல் நிலையத்தில் எழுதப்படுவதெல்லாம் ரகசியம், அது போலீசுக்கே சொந்தம், கேட்பவன் வம்பை விலைக்கு வாங்குகிறான் என்ற எண்ணம் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் ஊறிக் கிடக்கிறது. அதைத் தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. அது ஏழைகளின் கைப்பணத்தையும் நியாயத்தையும் ஒருசேரத் தின்கிற பொய்.

சட்டத்தைப் பாருங்கள். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் முதல் தகவல் அறிக்கையின் (எஃப்.ஐ.ஆர்.) நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. புகார்தாரருக்கு இலவச நகல் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்ததுதான். அதற்கும் மேலே ஒரு படி ஏறி, 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கையும் டி.எஸ்.பி. நிலைக்குக் குறைந்த அதிகாரி முடிவு செய்யக் கூடாது.

என் சித்தப்பா மகன் இரு சக்கர வண்டியில் அடிபட்டபோது இது எங்களுக்குத் தெரியாது. ஒரு காவல் நிலையத்துக்கு மூன்று வாரம் நடந்தோம். “ஐயா இல்ல, நாளைக்கு வா” என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கடைசியில் ஒரு தரகர் கையில் 2,000 ரூபாய் வைத்து நகல் வாங்கினோம். அதே எஃப்.ஐ.ஆர். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் காசில்லாமல் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அன்று எழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

“தகவல் உரிமைச் சட்டம் போலீசுக்குச் செல்லாது” என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 2005 அக்டோபர் 12 முதல் அந்தச் சட்டம் காவல் நிலையத்துக்கும் செல்லும். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் சிலவற்றுக்கு அரசு விலக்கு அளிக்கலாம். அங்கும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் கதவை அடைக்க முடியாது. “விசாரணையில் இருக்கிறது, தர முடியாது” என்ற ஒற்றை வரிப் பதிலும் போதாது. தகவலைத் தந்தால் விசாரணைக்கு எப்படி இடையூறு வரும் என்று காரணம் காட்ட வேண்டும். விசாரணை நடக்கிறது என்பதே காரணமாகிவிடாது என்று 2007இல் பகத் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எல்லாக் காகிதமும் எல்லோருக்கும் என்று நான் வாதிடவில்லை. துப்புக் கொடுத்தவரின் பெயர், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின், குழந்தையின் அடையாளம் ஆகியவை மறைக்கப்படவே வேண்டும். வழக்கு நாட்குறிப்பு, அதாவது கேஸ் டைரி, நீதிமன்றத்தின் பார்வைக்கானது. குற்றப்பத்திரிகையை இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் மறைக்க வேண்டிய வரியை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. ஒரு வரிக்காக முழுக் கோப்பையும் பூட்டி வைப்பது அந்தப் பிரிவை மீறுவது.

“நமக்கு எதுக்கு வம்பு” என்பவர்களுக்கு நம் பக்கத்து ஊர்களின் கதையையே நினைவூட்டுகிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பலர் ஜவ்வாதுமலையையும் படவேடு, கண்ணமங்கலம் சுற்று ஊர்களையும் சேர்ந்தவர்கள். கணியம்பாடியில் பேருந்து ஏறினால் அடுத்து வருவது கண்ணமங்கலம்தான். நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லும் கோடாலியுமாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று உடன் சென்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் நீதிமன்றப் படியேறினார். ஐதராபாத் உயர் நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகுதான் சுட்டவர்கள் மீது கொலை வழக்கு என்ற ஒரு காகிதமே பிறந்தது. அதுவரை பதிவேட்டில் இருந்தது சுட்டவர்கள் எழுதிக்கொண்ட கதை மட்டும். அந்தப் பெண்ணும் “ஸ்டேஷன் காகிதத்த நாம கேக்க முடியுமா” என்று வீட்டிலேயே இருந்திருந்தால்?

அதே 2015இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு அக்டோபரில் லாக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுப் பையனை ஒரு போலீஸ்காரர் 16 முறை சுட்டார். பையன் கத்தியோடு பாய்ந்தான் என்று போலீஸ் அறிக்கைகள் எழுதின. பிராண்டன் ஸ்மித் என்ற பத்திரிகையாளர் போலீஸ் வண்டியின் காணொளியைத் தகவல் சட்டப்படி கேட்டார். மறுத்ததும் வழக்குப் போட்டார். நீதிபதியின் உத்தரவால் காணொளி வெளிவந்தபோது, பையன் விலகி நடந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரிந்தது. சுட்டவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டதும் அதே நாளில்தான்.

நம் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பதிவையும் நாட்கணக்கு முடிவதற்குள் கேட்டாக வேண்டும்.

கேட்டால் பகை வரும் என்ற பயம் பொய்யில்லை. மலையடிவாரத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதற்காகத்தான் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. நிலையத்தின் வாசலை மிதிக்கவே வேண்டாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் எழுதலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர் கேட்கக் கூடாது. முகவரி மாறிப்போனாலும் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை” என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. “என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த ஆவணங்களின் நகல் வேண்டும்” என்று தேதியோடு, புகாருக்குத் தந்த ரசீதின் (சி.எஸ்.ஆர்.) எண் இருந்தால் அதையும் போட்டு எழுதுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம். தக்க காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் அவருடைய சொந்தச் சம்பளத்திலிருந்து போகும்.