வாயைத் திறக்கச் சொல்லும் வகுப்பில் வாயை மூடும் விதிகள்

அமெரிக்காவின் நடுநிலைப் பள்ளிகளில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஸ்பானிஷ் ஆசிரியர் ஒரு தாளை மாணவர் வழியே வீட்டுக்கு அனுப்புவார். பெற்றோர் படித்துக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே குடியேறியுள்ள நண்பர்களும் உறவினர்களும் தம் பிள்ளைகளின் தாள்களை அவ்வப்போது நம் பார்வைக்கு அனுப்புவதுண்டு. பள்ளிக்குப் பள்ளி சொற்கள் மாறினாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதற்பகுதி, வகுப்பில் மாணவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் எதிர்பார்ப்புகள். இரண்டாம் பகுதி, ஆண்டிறுதியில் மாணவருக்கு என்னென்ன கைவரவேண்டும் என்னும் கற்றல் இலக்குகள். மொழியைக் கற்பித்தே காலம் கழிக்கும் நமக்கு இத்தாள்களைப் படிக்கும்போதெல்லாம் ஓர் ஐயம் எழுகிறது. இவ்விரண்டு பகுதிகளையும் எழுதியவர் ஒருவர்தாமா?

இலக்குகளை முதலில் பார்ப்போம். அவற்றின் பின்னே நாற்பதாண்டுச் சிந்தனை இருக்கிறது. அமெரிக்க அயல்மொழி கற்பித்தல் மன்றம் 1986இல் மொழித்திறனுக்கான படிநிலைகளை வகுத்து வெளியிட்டது. தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று தொடங்கும் அப்பகுப்பில் ஒவ்வொரு நிலைக்குள்ளும் உட்படிகள் உண்டு. 1996இல் வெளிவந்த தேசியத் தரவரையறை தொடர்பாடல், பண்பாடு, பிற பாடங்களுடனான இணைப்பு, ஒப்பீடு, சமூகம் என்று மொழிக்கல்விக்கு ஐந்து நோக்கங்களைக் கூறியது. 2013இல் ‘என்னால் முடியும்’ என்ற வாய்பாட்டில் அமைந்த கூற்றுகள் வந்தன. ‘என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள என்னால் முடியும்’, ‘எனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்ல என்னால் முடியும்’, ‘உணவகத்தில் வேண்டியதைக் கேட்டுப் பெற என்னால் முடியும்’ என்பன போன்றவை. பள்ளிகள் தரும் தாளில் இரண்டாம் பகுதி இந்த வாய்பாட்டையே பின்பற்றுகிறது.

இதன் அருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. மொழியைப் பற்றி மாணவர் என்ன அறிவார் என்பதை விட்டு, மொழியைக் கொண்டு அவர் என்ன செய்வார் என்று கேட்கும் மாற்றம் இது. வினைத்திரிபு அட்டவணையை ஒப்பிப்பவன் மொழி கற்றவன் என்று கருதப்பட்ட காலம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடிது நீடித்தது. இலத்தீனைக் கற்பித்த முறையிலேயே வாழும் மொழிகளையும் கற்பித்தார்கள். நூற்பாவை ஒப்பித்து மதிப்பெண் பெற்று, ஒரு விண்ணப்பம் எழுதத் தடுமாறும் மாணவரை நம் வகுப்புகளிலும் நாம் கண்டுதான் வருகிறோம்.

இலக்குகள் எளியவையாயிற்றே, இரண்டாண்டு படித்தும் இவ்வளவுதானா என்று பெற்றோர் சிலர் குறைபடுவதுண்டு. கணக்கைப் பார்த்தால் அக்குறை நிற்காது. ஆண்டுக்கு 180 பள்ளி நாள்கள், நாளுக்கு 45 நிமிடம் என்று கொண்டால் ஓராண்டில் 135 மணி நேரம். விடுப்பும் தேர்வும் போக எஞ்சுவது இன்னும் குறைவு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானியம் கற்பிக்கச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அவர்கள் ஊதியம் பெற்றுக்கொண்டு, சிறு குழுக்களில், முழுநேரமாகக் கற்கும் வளர்ந்தவர்கள். முப்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தனியாகப் பேசக் கிடைப்பது ஒரு நாளில் ஒன்றிரண்டு நிமிடங்களே. எனவே மனனம் செய்த தொடர்களில் தொடங்கி, தட்டுத்தடுமாறிச் சொந்தமாகச் சில வாக்கியங்களை அமைக்கும் இடம்வரை வந்துவிட்டால் அதுவே நல்ல விளைச்சல். எளிய இலக்கு என்பதில் இழிவேதும் இல்லை.

இனி எதிர்பார்ப்புகளுக்கு வருவோம். மணியடிக்குமுன் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். கையுயர்த்தி அனுமதி பெற்ற பின்னரே பேச வேண்டும். பக்கத்திலிருப்பவரோடு பேசலாகாது. குறிப்பேட்டைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். வீட்டுப்பாடம் ஒரு நாள் தாமதமானால் இத்தனை விழுக்காடு குறைக்கப்படும். எழுத்துப்பிழைக்கு இவ்வளவு, உயிரெழுத்தின் மேலிடும் அழுத்தக்குறி விடுபட்டால் இவ்வளவு. ஒரு தாளில் இல்லாதது மற்றொரு தாளில் இருக்கும். ஆயினும் இவற்றின் தொனி ஒன்றே. இப்பகுதியின் தலைப்பை நீக்கிவிட்டால், இது கணக்கு வகுப்புக்குரியதா வரலாற்று வகுப்புக்குரியதா என்று சொல்ல இயலாது.

முரண் இங்கேதான் பிறக்கிறது. இரண்டாம் பகுதி ‘பேசு’ என்கிறது. முதற்பகுதி ‘பேசாதே’ என்கிறது. இரண்டாம் பகுதி, தெரிந்த சொற்களைக் கொண்டு தெரியாததையும் சொல்லத் துணி என்கிறது. முதற்பகுதி, துணிந்து தவறினால் மதிப்பெண் போகும் என்கிறது. பிள்ளைகள் இவ்விரண்டில் எதை நம்புவார்கள்? எதற்குத் தண்டனை உண்டோ அதைத்தான். இலக்கை எட்டாதவனுக்கு ஆண்டிறுதியில் ஒரு மதிப்பீடு. விதியை மீறியவனுக்கு அன்றைக்கே ஒரு குறிப்பு. பதினொன்று முதல் பதினான்கு வரையிலான வயது, சக மாணவர் சிரித்துவிடுவாரோ என்று கூசும் வயதுமாகும். அந்தக் கூச்சத்தின் மேல் மதிப்பெண் அச்சத்தையும் ஏற்றினால், பிழையில்லாமல் இருப்பதற்கு மிக எளிய வழி வாயைத் திறக்காதிருப்பதே என்று பிள்ளை கண்டுகொள்கிறது.

இதை அமெரிக்க ஆய்வாளர்களே முன்பே சொல்லியிருக்கிறார்கள். அச்சமும் பதற்றமும் மிகும்போது, கேட்கும் மொழி உள்ளே இறங்காமல் தடைப்படுகிறது என்று ஸ்டீஃபன் கிராஷன் 1980களில் எழுதினார். அவருடைய கோட்பாட்டின் பல கூறுகளை மறுப்போர் உண்டு. எனினும் அஞ்சிய பிள்ளை பேசாது என்பதை மறுக்கும் ஆசிரியரை நாம் கண்டதில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே, வகுப்பு முழுவதும் சேர்ந்து கதை கட்டிச் சொல்லும் முறையை உருவாக்கியதும் இந்தத் தடையை உடைக்கத்தான். ஆசிரியரும் மாணவரும் வகுப்பு நேரத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் கற்கும் மொழியையே புழங்க வேண்டும் என்று மேற்சொன்ன மன்றம் 2010இல் பரிந்துரைத்தது. பக்கத்து மாணவரோடு பேசலாகாது என்னும் வகுப்பில் அந்த விழுக்காட்டை ஆசிரியர் ஒருவரே தனித்துச் சுமக்க நேரும்.

பிழை எப்படிக் கல்வியாகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிடித்ததைச் சொல்வது முதலாண்டு இலக்குகளில் ஒன்று என்றோம். ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாயாக நின்று ஒன்றை விரும்புகிறது. ஸ்பானியத்தில் ‘மெ குஸ்தா’. அதன் அமைப்பு நம்முடைய ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதே. விரும்புபவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். பிடித்த பொருளே எழுவாய். அந்தப் பொருள் பன்மையானால் வினையும் ‘குஸ்தான்’ எனப் பன்மையாகும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த பிள்ளை ‘யோ குஸ்தோ’ என்று தொடங்கிவிடும். இது கவனக்குறைவால் வந்த பிழையன்று. ஒரு மொழியின் அமைப்பு மற்றொன்றை முட்டும் இடம். தேசியத் தரவரையறை ‘ஒப்பீடு’ என்று தனியே ஒரு நோக்கம் வைத்தது இத்தகைய இடங்களுக்காகத்தான். இங்கே சிவப்பு மையால் அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நகரும் வகுப்பு, அந்த ஆண்டின் சிறந்த பாடங்களுள் ஒன்றைத் தவறவிடுகிறது.

வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால், அதனிடம் இதற்கான திறவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. ‘எனக்கு இட்லி பிடிக்கும்’ என்று வீட்டில் சொல்லும் குழந்தைக்கு ‘மெ குஸ்தா’ புதிரே அன்று. ‘ஆப்லோ’ என்றாலே ‘நான் பேசுகிறேன்’ என்று பொருள்; ‘நான்’ என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘பேசுகிறேன்’ என்பதன் விகுதியே ஆளைக் காட்டுவதுபோல. நீ, நீங்கள் என்னும் வேறுபாடு ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று அங்கும் உண்டு. உன் வீட்டு மொழியில் இதை எப்படிச் சொல்வாய் என்று யாராவது கேட்டால்தான் இந்தத் திறவுகோல் வெளியே வரும். கையுயர்த்தி அனுமதி பெற்றுச் சொல்லும் விடை அல்ல இது. கேள்வி எழும்பினால் தானே துள்ளி வருவது.

இதைவிட முக்கியமான பிள்ளை ஒன்று அந்த அறையில் இருக்கிறது; வீட்டில் ஸ்பானியமே பேசும் பிள்ளை. அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் பேசும் மொழி அது. ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை ஸ்பானியர் நிறுவியது 1565இல். ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது 1607இல்தான். 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கலிஃபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் அமெரிக்காவின் கைக்கு வந்தபோது, அங்கிருந்த மக்கள் எங்கும் குடிபெயரவில்லை; எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஹொஸே மார்த்தியின் எளிய கவிதைகள் 1891இலும், பள்ளி ஆசிரியையாக இருந்து பின்னர் நோபல் பரிசு பெற்ற கப்ரியேலா மிஸ்த்ராலின் முதல் தொகுப்பு 1922இலும் முதன்முதலில் அச்சேறிய ஊர் நியூயார்க். இத்தகைய மொழியை அயல்மொழி என்று எழுதிக் கற்பிப்பதே ஒரு விந்தை.

அந்த மொழிக்குப் பள்ளிகள் செய்த கொடுமையும் சிறிதன்று. தெற்கு டெக்சஸில் பிறந்த குளோரியா அன்சல்தூவா, பள்ளி இடைவேளையில் ஸ்பானியம் பேசியதற்காக விரல்முட்டிகளில் அடி வாங்கியதை 1987இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். கலிஃபோர்னியா 1998இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே இருமொழிக் கல்வியை ஒடுக்கி, 2016இல் மற்றொரு வாக்கெடுப்பால் அத்தடையை நீக்கியது. 2011இல் அதே மாநிலம் இருமொழி எழுத்தறிவு பெற்றோரின் பட்டயத்தில் முத்திரை பொறிக்கும் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2025 மார்ச்சில் ஆங்கிலமே நாட்டின் அலுவல் மொழி என்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. இப்படி ஊஞ்சலாடும் நாட்டில், வீட்டில் ஸ்பானியம் பேசும் பிள்ளை ஸ்பானிஷ் வகுப்புக்குள் நுழைகிறது.

தாளின் இலக்குகள் அப்பிள்ளைக்கு எதைத் தருகின்றன? தன் பெயரைச் சொல்லவும் உணவு கேட்கவும் அதற்கு மூன்று வயதிலேயே தெரியும். ஆனால் டிரக் வண்டியை ‘த்ரோக்கா’ என்றும், மதிய உணவை ‘லோன்சே’ என்றும் அது வீட்டு வழக்கில் சொன்னால் ‘தவறு, புத்தகத்தைப் பார்’ என்று திருத்தப்படுவதுண்டு. மத்திய அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளை ‘தூ’ என்பதற்கு ‘வோஸ்’ என்றால் அதற்கும் அதே கதி. பாட்டியின் மொழி பிழை என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாளை பாட்டியோடு பேசக் கூசும். வட்டார வழக்கை இழித்துரைத்த தமிழாசிரியர்களின் வரலாறு நம்மிடமும் உண்டாதலால் இதை நாம் எளிதில் உணரலாம். வீட்டுமொழி மாணவருக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டும் என்று குவாதலூப்பே வால்தேஸ் போன்ற அறிஞர்கள் பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருகிறார்கள். உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் அத்தகைய வகுப்புகள் உண்டு. தனி வகுப்பு இல்லாத பள்ளியிலும் தனி இலக்காவது இருக்கலாமே. ‘பாட்டி சொன்ன கதையை அவர் சொன்னபடியே எழுத என்னால் முடியும்’ என்பதும் ஓர் இலக்குதான். மார்த்தியின் ஒரு பாட்டைப் படித்துப் பொருள் சொல்வது மற்றொன்று.

நாளொன்றுக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர் என்று 150 பிள்ளைகளைக் காணும் ஆசிரியருக்கு ஒழுங்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஒழுங்கற்ற இரைச்சலில் யாரும் யாருடைய பேச்சையும் கேட்க முடியாது. ஆனால் நாடக ஒத்திகையிலும் ஒழுங்கு உண்டு, இரங்கல் கூட்டத்திலும் ஒழுங்கு உண்டு, இரண்டும் ஒன்றல்ல. மொழி வகுப்பின் ஒழுங்கு, பேச்சுக்கு வழிவிடும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அவ்வகையில் எதிர்பார்ப்புகள் என்னும் பகுதியை இப்படி எழுதலாம். புரியாவிட்டால் புரியவில்லை என்று ஸ்பானியத்திலேயே சொல்ல வேண்டும். சொல் தெரியாவிட்டால் சுற்றி வளைத்தாவது, கையசைத்தாவது சொல்ல முயல வேண்டும். மற்றவர் தடுமாறும்போது சிரிக்கலாகாது, காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பக்கத்திலிருப்பவரோடு ஸ்பானியத்தில் ஒரு செய்தியாவது பேசியிருக்க வேண்டும். வீட்டில் பேசும் மொழி எதுவாயினும் அதை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். புதிய பிழைக்கு மதிப்பெண் குறையாது. இவற்றுள் கடினமானது காத்திருப்பதுதான். அது மாணவர்க்கு மட்டும் உரிய விதியன்று. ஆசிரியரும் அதன்கீழ்க் கையொப்பமிட வேண்டும்.